ஆச்சி விழுந்துவிட்டால்: இடுப்பு எலும்பு முறிவை வீட்டார் சமாளிப்பது எப்படி

வயதானவர் விழுந்து எழ முடியாமல் கிடந்தால், தூக்குவதற்கு முன் இரண்டு காலையும் பாருங்கள். ஒரு கால் மற்றதைவிடக் கொஞ்சம் குட்டையாகத் தெரிகிறதா? பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறதா? அப்படியென்றால் தொடை எலும்பின் மேல்முனை உடைந்திருக்கிறது என்றே வைத்துக்கொண்டு காரியத்தைப் பாருங்கள். இடுப்பு முறிவு என்று சொல்வது இதைத்தான். எக்ஸ்ரே பிறகு சொல்லட்டும்.

என் பணிக்காலத்தில் பெரும்பகுதி தென்மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் ஆர்த்தோ வார்டில் கழிந்தது. ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் யார் வீட்டு ஆச்சி விழுந்தாலும் போன் எனக்குத்தான் வரும். எடுத்தவுடன் கேட்பது ஒரே கேள்வி: "சிஸ்டர், எண்ணெய் போட்டு உருவி விடட்டுமா?" வேண்டவே வேண்டாம். காலை இழுத்து நேராக்கவும் வேண்டாம். கக்கத்தில் ஒருத்தர், காலில் ஒருத்தர் என்று தூக்கினால் உடைந்த முனை சதைக்குள் இன்னும் குத்தும். தடித்த போர்வையைப் பாதி உருட்டி மெதுவாக உடம்புக்கு அடியில் செலுத்துங்கள். நாலு மூலையையும் நாலு பேர் பிடித்து ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை வைத்து, மேலே ஒரு துண்டால் தளர்வாகச் சேர்த்துக் கட்டிவிட்டால் வண்டியில் கால் ஆடாது. 108-க்குச் சொல்லும்போதே "இடுப்பு முறிவு மாதிரி இருக்கு, ஸ்ட்ரெச்சர் வேணும்" என்று சொல்லிவிடுங்கள்.

கால் நேராகவே இருக்கும், தாத்தா நொண்டிக்கொண்டு நடக்கவும் செய்வார், ஆனால் எலும்பு உடைந்திருக்கும். இப்படியும் சிலர் உண்டு. உடைந்த இரண்டு முனையும் ஒன்றுக்குள் ஒன்று செருகி நின்றுவிடுவதுதான் காரணம். கவட்டியில் வலி என்பார்கள். சிலர் முழங்கால் வலிக்கிறது என்றே சொல்வார்கள். முழங்காலை மட்டும் எக்ஸ்ரே எடுத்து "ஒண்ணுமில்லை" என்று அனுப்பிய ஆளை, நாலு நாளில் செருகியது நழுவிய பிறகு ஸ்ட்ரெச்சரில் பார்த்திருக்கிறேன். வயதானவர் விழுந்தபின் காலை ஊன்றினால் வலிக்கிறது என்றால், முழங்கால் என்று சொன்னாலும் இடுப்புக்கும் படம் எடுக்கச் சொல்லுங்கள். படத்தில் தெரியாமல் வலி மட்டும் இருந்தால் எம்.ஆர்.ஐ. காட்டிக்கொடுக்கும்.

பையில் எடுத்துப்போக வேண்டியவை: சாப்பிடுகிற எல்லா மாத்திரையும் அட்டையோடு, பழைய ஈ.சி.ஜி. இருந்தால் அது, ஆதார், குடும்ப அட்டை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. கண்ணாடி, பல்செட், காது மிஷின் மூன்றையும் மறக்காதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்ல வேண்டியது இரண்டு. ஒன்று, எப்படி விழுந்தார்? கால் தடுக்கியா, தலை சுற்றியா, கண் இருட்டியா? சர்க்கரை தாழ்ந்தோ இதயத் துடிப்பு தவறியோ விழுந்திருந்தால் அதையும் பார்க்க வேண்டும். இரண்டு, எவ்வளவு நேரம் தரையிலேயே கிடந்தார்? இரவெல்லாம் குளியலறையில் கிடந்தவருக்குச் சிறுநீரகமும் முதுகுத் தோலும் கெட்டிருக்கலாம்.

"வயசாச்சே, ஆபரேஷன் தாங்குமா?"

வார்டில் மகன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் நேரம் இது. "எண்பத்தஞ்சு வயசு சிஸ்டர். கட்டு போட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுதோம்." முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: இந்த இடத்துக்கு மாவுக்கட்டு நிற்காது. ஆபரேஷன் வேண்டாம் என்றால் மிச்சமிருப்பது படுக்கை மட்டுமே. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அப்படித்தான் காலில் செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டு வாரக்கணக்கில் படுக்கப் போட்டோம். எலும்பு சில பேருக்குச் சேர்ந்தது. அதற்குள் நெஞ்சில் சளி கட்டி நிமோனியா வரும், பிட்டத்தில் குழி விழும், கெண்டைக்காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகும். எலும்பு சேர்ந்து முடிவதற்குள் ஆள் போய்விடுவார். படுக்கையிலிருந்து அவரை எழுப்பி உட்கார வைக்கத்தான் ஆபரேஷன். நடை திரும்பினால் அதற்கு மேல் கிடைத்த லாபம்.

விதிவிலக்கு உண்டு. ஏற்கெனவே எழுந்து நடக்காதவர், ஆளை அடையாளம் தெரியாதவர், கடைசிக் கட்டத்தில் இருப்பவர் என்றால் கத்தி வைக்காமல் வலியை மட்டும் அடக்கிப் பார்த்துக்கொள்வதும் முறையான வைத்தியம்தான். நெதர்லாந்தில் முதியோர் இல்லங்களில் இருந்த மிகவும் நலிந்தவர்களிடம் நடந்த ஆய்வு 2022-இல் வந்தது. வீட்டாரும் டாக்டரும் உட்கார்ந்து பேசி அறுவை வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களின் கடைசி நாட்கள், அறுவை செய்துகொண்டவர்களைவிட மோசமாக இல்லை என்று அது சொன்னது. ஆனால் முந்தின நாள் வரை கோயிலுக்குப் போய்வந்த ஆச்சிக்கு இதைப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

எவ்வளவு சீக்கிரம் செய்ய வேண்டும்? 2020-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த பெரிய ஆய்வில் 17 நாடுகளின் 69 மருத்துவமனைகளிலிருந்து 2,970 பேர் இருந்தார்கள். முறிவு உறுதியானபின் ஒரு பிரிவுக்கு ஏறத்தாழ 6 மணி நேரத்திலும், மற்றப் பிரிவுக்கு ஏறத்தாழ 24 மணி நேரத்திலும் அறுவை நடந்தது. இறப்பில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் சீக்கிரம் செய்தவர்களுக்குப் புத்தித் தடுமாற்றமும் சிறுநீர்த் தொற்றும் குறைந்தன. எழுந்து நின்றதும் முந்தித்தான். இதில் நான் கவனித்தது வேறு: அவர்கள் ஊர்க் கணக்கில் தாமதம் என்பதே 24 மணி நேரம். நம் வார்டில் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்க, இதய டாக்டர் 'ஃபிட்னஸ்' எழுத, ரத்தம் ஏற்பாடு செய்ய என்று நாலைந்து நாள் சாதாரணமாகப் போகும். இங்கிலாந்தில் 2007-இல் இடுப்பு முறிவுக்கென்றே தேசியப் பதிவேடு தொடங்கினார்கள். 36 மணி நேரத்துக்குள் அறுவை செய்து, முதியோர் மருத்துவரையும் பார்க்க வைத்தால் மருத்துவமனைக்குக் கூடுதல் தொகை என்றும் வைத்தார்கள். 30 நாளுக்குள் இறப்பவர்கள் நூற்றுக்குப் பத்துக்கு மேல் இருந்தது, பத்தாண்டில் ஏழு அளவுக்கு இறங்கியது. புதுக் கருவி எதுவும் கண்டுபிடித்து இறங்கவில்லை. ரோபோ அறுவைக்குப் பேருந்து நிறுத்தத்தில் விளம்பரம் வைக்கிற ஊரில் இதை யாரும் விளம்பரம் செய்ய மாட்டார்கள்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது கேட்பது. சண்டை போடாமல், தினமும் ரவுண்ட்ஸில் கேளுங்கள்: "சார், எதுக்காகக் காத்திருக்கோம்? அது இன்னைக்கு முடியுமா?" காரணம் எக்கோ என்றால், எக்கோவின் முடிவு எப்படி வந்தாலும் ஆபரேஷன் நடக்கத்தானே போகிறது என்று மயக்க மருந்து டாக்டரிடம் பணிவாகக் கேட்டுப் பாருங்கள். பல நேரம் "சரி, ஆபரேஷனுக்கு ஏத்துங்க" என்பார்கள். க்ளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவரை ஐந்து, ஏழு நாள் நிறுத்தி வைப்பது பழைய வழக்கம். முதுகு ஊசிக்குப் பதில் முழு மயக்கம் கொடுத்துக் காத்திராமல் செய்யலாம் என்பது இப்போதைய வழிகாட்டுதல். மாத்திரையை நிறுத்துவதும் தொடர்வதும் அவர்கள் முடிவு. நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

காத்திருக்கும் நேரத்தில் வலிக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். காலில் எடை கட்டித் தொங்கவிடுவதால் வலி குறைகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தே சொல்லிவிட்டார்கள். கவட்டிக்குக் கீழே போடுகிற நரம்புத் தடுப்பு ஊசி நன்றாகக் கேட்கும். இன்னொன்று பட்டினி. "காலையில ஆபரேஷன், ராத்திரியிலிருந்து ஒண்ணும் கொடுக்காதீங்க" என்பார்கள். மதியம் மூன்று மணிக்கு "இன்னைக்கு இல்லை, நாளைக்கு" என்பார்கள். மறுநாளும் அதே கதை. திட உணவை 6 மணி நேரத்துக்கு முன்பும், வெறும் தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தினால் போதும் என்பதே பொதுவான கணக்கு. சர்க்கரைக்காரர் என்றால் இதை நேரத்தோடு கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த இடத்தில் உடைந்தது, என்ன வைப்பார்கள்

தொடை எலும்பின் உச்சியில் ஒரு பந்து, அதைத் தாங்கும் கழுத்து, கழுத்துக்குக் கீழே அகன்ற பகுதி. உடைந்தது கழுத்தா, அகன்ற பகுதியா என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பந்துக்குப் போகும் ரத்தம் பெரும்பாலும் கழுத்தை ஒட்டியே ஏறுகிறது. கழுத்து உடைந்து விலகினால் ரத்தம் நின்று பந்து செத்துப்போகும் அபாயம் அதிகம். அதனால் முதியவர்களுக்குப் பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைப்பார்கள். அரசு மருத்துவமனைகளில் 'ஆஸ்டின் மூர்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்க அறுவை மருத்துவர் ஒருவர் பெயர் அது. அது எலும்புக்குள் அப்படியே செருகி நிற்பது. எலும்புக்கென்றே உள்ள சிமெண்ட் வைத்துப் பதிக்கும் வகைகளும் உண்டு. 2022-இல் இங்கிலாந்திலிருந்து வந்த ஆய்வில் 60 வயது தாண்டியவர்களுக்குச் சிமெண்ட் வைத்ததே மேலாக இருந்தது: அன்றாட வாழ்க்கை கொஞ்சம் நன்றாக இருந்தது, கருவியைச் சுற்றி எலும்பு மறுபடி உடைவதும் குறைந்தது. சிமெண்ட் போகும் நிமிடத்தில் சிலருக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். மயக்க மருந்து டாக்டர் அதற்குத் தயாராக நிற்பார். "சிமெண்டா, சிமெண்ட் இல்லாமலா, ஏன்?" என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

அகன்ற பகுதி உடைந்தால் ரத்தத்துக்குக் குறைவில்லை, எலும்பு தானாகவே சேரும். சேரும்வரை பிடித்துக்கொள்வதுதான் பாடு. எலும்பு உளுத்த கட்டை மாதிரி இருக்கும்; ஸ்க்ரூ பிடிக்காமல் மெல்ல மெல்லப் பந்தைக் கிழித்து வெளியே வந்துவிடும். தட்டும் ஸ்க்ரூவுமா, உள்ளே செலுத்தும் கம்பியா என்று கருவி விற்பவர்கள் ஆயிரம் சொல்லட்டும். என் கண்ணில் இந்தத் துறையின் பெரிய முன்னேற்றங்களில் ஒன்று காலணா செலவில்லாதது. ஸ்க்ரூவின் நுனிக்கும் பந்தின் உச்சிக்கும் உள்ள தூரத்தை நேர்ப்படம், பக்கவாட்டுப் படம் இரண்டிலும் அளந்து கூட்டினால் 25 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அமெரிக்காவில் 1995-இல் வெளிவந்த கணக்கு இது. இந்த அளவுக்குள் வைத்த ஸ்க்ரூ கிழித்துக்கொண்டு வருவது அபூர்வம். எங்கள் வார்டுக்கு வந்த ஒரு இளம் டாக்டர் ஆபரேஷன் முடிந்த படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பள்ளிக்கூட ஸ்கேல் வைத்து அளப்பார். அவர் கேஸ்கள் திரும்பி வந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

முதல் ராத்திரி

அறுவை முடிந்த இரவு ஆச்சி திடீரென்று "மாட்டை அவுத்து விட்டியா?" என்பார். செத்துப்போன அண்ணனைக் கூப்பிடுவார். ட்யூபைப் பிடுங்குவார். வீட்டார் அரண்டு போய், காத்து கருப்பு என்று வேப்பிலை வரைக்கும் போய்விடுவார்கள். இது டெலிரியம். வலி, மயக்க மருந்து, நீர் வற்றியது, தூக்கமின்மை, மலச்சிக்கல், புது இடம் எல்லாம் சேர்ந்து மூளையைக் கலக்கிவிடுகிறது. பெரும்பாலும் சில நாளில் தெளியும். கண்ணாடியும் பல்செட்டும் காது மிஷினும் கொண்டுவரச் சொன்னது இதற்காகத்தான். கண் தெரியாமல், காது கேளாமல், பாதி இருட்டில் முழிக்கிற யாருக்கும் புத்தி தடுமாறும். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். ஆள் மாற்றி ஆள் மாற்றி வந்து "நான் யாரு சொல்லுங்க?" என்று பரீட்சை வைக்காதீர்கள். "ஆச்சி, நான்தான் செல்வி. கால் உடைஞ்சு ஆஸ்பத்திரியில இருக்கோம். விடியப் போகுது" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். கையைக் கட்டிலோடு கட்ட விடாதீர்கள். சிறுநீர்க் குழாய் இன்னும் தேவையா என்று மறுநாளே கேளுங்கள். ரொம்பவும் சத்தமே இல்லாமல் சுருண்டு, சாப்பிடாமல் தூங்கிக்கொண்டே இருப்பதும் இதே நோய்தான். "பாட்டி சமத்தா இருக்காங்க" என்று விட்டுவிடுவதால் அதுதான் ஆபத்து.

படுக்கைப் புண்ணுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவது உங்களுக்கே தெரிந்திருக்கும். தெரியாதது குதிகால். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்குக் கீழே வைப்பது பல வார்டில் இன்னும் நடக்கிறது; அதனால் பயனில்லை. காற்றடித்த வளையத்தில் உட்கார வைப்பதும் சுற்றிலும் ரத்த ஓட்டத்தை அடைக்கத்தான் செய்யும். சிவந்த இடத்தைப் பவுடர் போட்டுத் தேய்க்கக் கூடாது.

மறுநாள் எழுப்பி நிறுத்துவது

டாக்டரிடம் ஒரு கேள்வி, ஒரு பதில் வேண்டும்: "முழு எடையும் ஊன்றலாமா?" பெரும்பாலும் ஊன்றலாம் என்றே பதில் வரும். "பாத்து, மெதுவா" என்பதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 'கொஞ்சமா ஊன்றுங்க' என்று எண்பது வயதுக்காரரிடம் சொன்னால் அவர் பயத்தில் ஊன்றவே மாட்டார். எழுப்புவதற்கு அரை மணி நேரம் முன்னால் வலி மாத்திரை கொடுங்கள். முதலில் கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு ஐந்து நிமிடம் உட்காரட்டும். தலை சுற்றல் அடங்கட்டும். வாக்கரின் உயரம் கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டுக்குச் சரியாக வர வேண்டும். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய வாக்கர் பெரும்பாலும் உயரம் தவறி, தோளைத் தூக்கிக்கொண்டு நடக்க வைக்கும். பட்டனை அழுத்தி இறக்குங்கள். முதலில் வாக்கர், அப்புறம் அறுவை செய்த கால், கடைசியில் நல்ல கால். நைட்டியோ சேலையோ கணுக்காலுக்கு மேலே ஏறி இருக்கட்டும். ஹவாய்ச் செருப்பு வேண்டாம். பின்வார் உள்ள செருப்பு. நீங்கள் நிற்க வேண்டியது முன்னால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இல்லை. அறுவை செய்த பக்கம், அரை எட்டு பின்னால், இடுப்பில் ஒரு கை.

பந்து மாற்றியிருந்தால் கூடுதல் கவனம். சம்மணம், குத்த வைத்தல், கால்மேல் கால், தாழ்ந்த நாற்காலி எதுவும் டாக்டர் சொல்லும்வரை கூடாது, மூட்டு நழுவும். வீட்டுக்குப் போவதற்கு முன்பே கழிப்பறை ஏற்பாடு முடிந்திருக்க வேண்டும். சர்ஜிகல் கடையில் நடுவில் ஓட்டையுள்ள நாற்காலி கிடைக்கிறது. அதை இந்தியன் டாய்லெட் மேலேயே வைத்துக்கொள்ளலாம். கட்டில் தாழ்வாக இருந்தால் காலுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்துங்கள். கொல்லைப்புறக் கழிப்பறை என்றால் இரவுக்குக் கட்டில் பக்கத்திலேயே ஒரு சேர். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில்.

வயிற்றில் போடுகிற ரத்தம் உறையாமைக்கான ஊசி அல்லது மாத்திரை வீட்டுக்கு வந்தபிறகும் ஏறத்தாழ ஒரு மாதம் வரை தொடரலாம். டிஸ்சார்ஜ் சம்மரியில் எத்தனை நாள் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ காத்திருக்காமல் ஓடுங்கள். தையலில் இருந்து நீர் கசிந்தாலும், நன்றாக நடந்துகொண்டிருந்தவருக்குத் திடீரென்று தொடையில் புது வலி வந்தாலும், கால் குட்டையானது போலத் தெரிந்தாலும் அடுத்த ரிவ்யூ தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

ரசம் சாதமும் ரொட்டியுமே போட்டுக்கொண்டிருந்தால் உடம்பில் சதை பிடிக்காது. முட்டை, பருப்பு, பால், மீன், எது பிடிக்குமோ அது ஒவ்வொரு வேளையும்.

எலும்புக்கான மருந்து

சம்மரியில் அநேகமாக விட்டுப்போவது இதுதான். எலும்பு முறிந்ததற்கு வைத்தியம் முடிந்தது. எலும்பு ஏன் இவ்வளவு லேசாக முறிந்தது என்பதற்கு வைத்தியமே தொடங்கவில்லை. சில வருடம் முன்னால் கை ஊன்றி விழுந்து மணிக்கட்டு உடைந்திருக்கும். முதல் எச்சரிக்கை அது. மாவுக்கட்டு போட்டுப் பிரித்து மறந்திருப்போம். இப்போது ஒரு பக்க இடுப்பு. அடுத்தது மறுபக்கம்.

ஜோலெட்ரானிக் ஆசிட் என்று வருடத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் மருந்து இருக்கிறது. இடுப்பு முறிவுக்கு அறுவை முடிந்து 90 நாளுக்குள் அதை ஏற்றியவர்களிடம் புது முறிவுகள் 35 சதவீதம் குறைந்தன, இறப்பும் 28 சதவீதம் குறைந்தது என்று 2007-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஏற்றுவதற்கு முன் சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனையும், வைட்டமின் டி சரியாக இருக்கிறதா என்பதும் பார்க்க வேண்டும். பல் பிடுங்கும் வேலை இருந்தால் முன்னாலேயே முடித்துவிடுங்கள். ஏற்றிய மறுநாள் சிலருக்குக் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம்; பாராசிட்டமால் போதும், ஓரிரு நாளில் அடங்கும். சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கு வேறு மருந்து உண்டு. முதல் ரிவ்யூவில் தையலைக் காட்டிவிட்டு எழுந்து வராதீர்கள். "சார், எலும்பு தேய்மானத்துக்கு ஊசி எப்ப போடலாம்?" என்று கேட்டு, தேதியைச் சம்மரியின் பின்பக்கத்திலேயே எழுதி வாங்குங்கள். அடுத்த வருடத் தேதியையும் சேர்த்து.